அழுகாத சரக்கு

ஜூன் 3, செவ்வாய்

உரக்கடையில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் தராசு மேசை ஆடாமலிருக்க ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்றைக்கு அதை உருவிவிட்டு அந்த இடத்தில் ஒரு ஓட்டுச் சில்லைச் சொருகினேன்.

காரணம், புதுச் சரக்கு பழகப் போகிறேன். தக்காளி பழகினபோது எதையும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஒரே தப்பை ரெண்டு தடவை செய்து ரெண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். இந்தத் தடவை அந்தச் செலவு வேண்டாம்.

புதுச் சரக்கு என்றால் இடம், வீடு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் என்னோடு தொழிலுக்கு வந்தவர்கள் எல்லாரும் எங்கேயாவது நாலு சென்ட் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வெங்காயக்காரர், முருங்கைக்காரர், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கூட. நான் மட்டும் தக்காளியில் வந்ததைத் தக்காளியிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏலத்தில் எடுப்பேன், பாலக்காட்டுக்கு ஏற்றுவேன், மறுநாள் மறுபடி ஏலம்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. பெட்டியின் நடுவிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கட்டை விரலால் ஒரு அமுக்கு. இது மூன்று நாள் தாங்கும், இது நாளைக்கே போய்விடும் என்று சொல்லிவிடுவேன். ராமாத்தாள் எதை எடுக்கிறாள் என்று பார்ப்பதற்காகவே சிலர் என் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இடத்தில் எதை அமுக்கிப் பார்ப்பது? அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அம்பத்தோரு வயசுல என்ன திடீர்னு?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மாதானுங்க. தெரிஞ்சுக்கலாம்னு."

ஒரு பார்வை பார்த்தார். லாரி ஓட்டினவர். வண்டிக் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்க்கிற மாதிரிதான் எதையும் பார்ப்பார்.

பாலக்காட்டுக்காரர் போன். நேற்றைய லோடில் சில பெட்டி ஒழுகிவிட்டதாம். வண்டி வெக்கைதான்.

ஜூன் 8, ஞாயிறு

மனை விற்கிறவர்கள் வேன் அனுப்பினார்கள். போய் வந்தேன். தாராபுரம் ரோட்டில் உள்ளே தள்ளி, பொன்மகள் கார்டன். பெரிய வளைவு, இரண்டு பக்கமும் கொடி, மஞ்சள் கல், செடியே இல்லாத இடத்தில் 'பூங்கா' என்று ஒரு பலகை. பந்தலுக்குக் கீழே பிரியாணி.

கழுத்தில் டை கட்டின பையன் ஒருத்தன் என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கு புக் பண்ணினா இந்த ரேட் மேடம். நாளைக்கு ஏறிடும்."

சிரிப்பு வந்தது. ஏலத்தில் இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

"வாங்குறது இருக்கட்டும் தம்பி. மொத மொதல்ல இங்க வாங்கினவங்க யாராச்சும் வித்திருக்காங்களா? யாருக்கு வித்தாங்க?"

"மேடம், பிரியாணி ஆறிடும்."

பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போனோம், வீட்டுக்காரரின் டிவிஎஸ்ஸில். பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் விலை சொல்லக்கூடாது. கொடிகள் இல்லை, கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பூங்காவில் ஆடு மேய்ந்தது. மொத்த இடத்துக்கும் ஒரே வீடு, அது வாட்ச்மேன் குடியிருக்கிற தகரக் கொட்டகை.

"ஞாயித்துக்கெழம வாங்கம்மா, அன்னைக்குத்தான் கூட்டமா இருக்கும்" என்றார் வாட்ச்மேன்.

தெரிந்துகொண்டது: விற்கிறவன் மட்டும் விலை சொல்கிற இடத்தில் விலை என்று ஒன்று கிடையாது. இரண்டாவது ஆள் எடுத்தால்தான் அது விலை. இது வேண்டாம்.

காலையில் ரெண்டு டம்ளர் கைதவறி விழுந்தன. எண்ணெய்க் கை.

ஜூன் 14, சனி

மார்க்கெட் லீவு. சவரிமுத்து வந்தார். ஒரு காலத்தில் மார்க்கெட்டில் லாரி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது வீட்டு புரோக்கர். வெள்ளைச் சட்டை, ரெண்டு போன்.

"உங்க கணக்குக்கு ஏத்த சரக்கு ஒண்ணு இருக்குதுங்க அக்கா. குட்டி போடுற சரக்கு."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. ஒரே வரிசையில் நாலு வீடு, ஒட்டின சுவர், பொதுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மூன்றில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். நாலாவது பூட்டிக் கிடந்தது.

"இது?"

"ஓனர் சாரோட பழைய சாமான் கெடக்குது. நீங்க வாங்கினதும் காலி பண்ணிக்குடுத்துருவாரு."

ஓனர் தெய்வநாயகம் சார், ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். சொல்கிற விலை அக்கம்பக்கத்தைவிடக் குறைச்சல்தான். விலையை இங்கே எழுதவில்லை. இந்த டைரி கடை மேசையில் கிடப்பது.

வாடகை என்பது எனக்குப் புதிதாக இருக்கிறது. சரக்கு போகாமலே காசு வருகிறது. பெட்டி தூக்க வேண்டாம், யாரும் ஏலத்தில் நிற்க வேண்டாம், அமுக்கிப் பார்க்க வேண்டாம். மாசம் பிறந்தால் வருகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

மார்க்கெட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வழியாகவே போகிறேன். குடியிருக்கிறவர்களைக் கேட்டால்தான் வீட்டைப் பற்றித் தெரியும். முதல் வீட்டில் கண்டக்டர் மனைவி. தண்ணீர் வருகிறதா, மழைக்கு ஒழுகுமா, எதிர்வீட்டுச் சாக்கடை இந்தப் பக்கம் திரும்புமா, எல்லாம் கேட்டேன்.

"வாடகைக்கு வர்றீங்களாக்கா?"

"வந்தாலும் வருவேன்."

மூன்றாவது வீட்டுக் கூரையில் ஒரு விரிசல், மற்றபடி சுவர் கெட்டி. நல்ல சரக்கு.

தோசைக்கல்லில் கட்டை விரல் பட்டிருக்கிறது போல. கொப்புளத்தை வீட்டுக்காரர்தான் பார்த்துச் சொன்னார். கவனம் எல்லாம் அந்த வீட்டின் மேல்.

ஜூன் 22, ஞாயிறு

கை வைத்துவிட்டேன்.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி மேல் கையை வைத்து விலை சொல்லி, கொண்டுவந்த விவசாயி தலையாட்டிவிட்டால் முடிந்தது. அப்புறம் அடியில் அழுகல் இருந்தாலும் நான் திருப்ப முடியாது. வேறொருத்தர் கூட்டிக் கேட்டாலும் அவர் கொடுக்க முடியாது. எழுத்து, கையெழுத்து ஒன்றும் கிடையாது. திருப்பினவர்களின் பெயரை இன்றைக்கும் மார்க்கெட்டில் சொல்லிக்காட்டுவார்கள்.

தெய்வநாயகம் சார் வீட்டில் பத்திரத்தை டீப்பாய் மேல் வைத்திருந்தார். பேசிப் பேசி ஒரு இடத்துக்கு வந்தது. பழக்க தோஷம், பத்திரத்தின் மேல் கையை வைத்து விலையைச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலையாட்டினார். சவரிமுத்து சாட்சி.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "வக்கீல்கிட்டக் காட்டாமயே சொல்லிட்டயே?" என்றார்.

"சொல்லியாச்சு, விடுங்க."

"என்ன அவசரம்னு கேட்டேன்."

"நல்ல சரக்கு நிக்காது."

ஜூன் 25, புதன்

வக்கீலம்மா திண்டுக்கல்லில் இருக்கிறார்கள். சின்ன வயசு. ஆனால் பேப்பரைப் புரட்டுவது, பெட்டியைக் கவிழ்க்கிற மாதிரி அடியிலிருந்து.

"வில்லங்கம் ஒண்ணும் இல்ல. யாரும் விக்கல, அடமானம் வைக்கல. ஆனா பத்திரம் அவரோட அம்மா பேர்ல இருக்கே. அம்மா உயில் எழுதினாங்களா?"

"தெரியாதுங்க."

"உயில் இல்லன்னா எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. வரி ரசீது அவர் பேர்ல இருக்கறதால வீடு அவருதுன்னு ஆயிடாது. வாரிசுச் சான்றிதழ் கேளுங்க. கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா?"

சவரிமுத்துவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க அக்கா" என்றார். கேட்டது ஆமாவா இல்லையா என்று. பதில் ரெண்டும் இல்லை.

ஜூன் 28, சனி

மத்தியானம் தனியாகப் போனேன். சவரிமுத்து கூட்டிப் போனது எப்போதும் காலையில். நான் எட்டிப் பார்த்ததும் காலையில், அல்லது இருட்டின பிறகு. மத்தியானம் போனால் நாலாவது வீடு திறந்திருக்கிறது. உள்ளே கிரைண்டர் ஓடுகிறது.

அறுபது வயசு இருக்கும் ஒரு அம்மா, கை முழுக்க மாவு. "மாவா? எத்தனைக்கு?" என்றார்.

வாங்கினேன். உட்காரச் சொன்னார். பழைய சாமான் என்று சவரிமுத்து சொன்னது இவரைத்தான். பெயர் லோகாம்பாள், தெய்வநாயகம் சாரின் தங்கை. புருஷன் போன பிறகு அம்மா இருக்கும்போதே இங்கே வந்துவிட்டார். காலையில் கடைகளுக்கு மாவு கொண்டுபோய்ப் போடுவார், அந்நேரம் வீடு பூட்டியிருக்கும். இருட்டினதும் கதவைச் சாத்திப் படுத்துவிடுவார்.

"நீங்க வீடு பாக்க வந்தவங்களா, வாங்க வந்தவங்களா?"

மறைத்துப் பிரயோஜனம் இல்லை. "வாங்க" என்றேன்.

"விக்கறது எனக்கும் சம்மதந்தான். எங்கிட்ட யாரும் கேக்கல, அவ்வளவுதான். வாடகை குடுக்காம இருக்கறேன் பாருங்க, அதனால கேக்கணும்னு அண்ணனுக்குத் தோணல."

கோபமாகச் சொல்லவில்லை. உளுந்து விலை சொல்வது போலச் சொன்னார். சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

"சுடலியா?" என்றார்.

"சுடுது" என்று கீழே வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

விலை ஏன் குறைச்சல் என்று இப்போது தெரிகிறது. மேலடுக்கில் நல்ல பழம்.

சவரிமுத்து கடைக்கே வந்தார். "அந்தம்மா கோர்ட்டு கேஸுன்னு போற ஆளில்லீங்க. சார் ஒருத்தர்தான் வாரிசுன்னு ஒரு பேப்பர் ரெடி பண்ணிக்கலாம். விலைல இன்னும் கொஞ்சம் கொறைக்கச் சொல்றேன். ஆடிக்கு முன்னால முடிச்சுரலாம்."

உடனே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எழுத நன்றாக இருக்கும். சொல்லவில்லை. ஒரு லோடு ஏற்றி முடிகிற வரைக்கும் யோசித்தேன். ஆடிக்கு முன்னால் முடிந்தால் ஆடி ஒண்ணாம் தேதியே வாடகை வரும். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. லோகாம்பாள் கேஸ் போட மாட்டார், எனக்கும் தெரியும். அவர் மகன் ஒருத்தன் எங்கேயாவது இருந்து, இருபது வருஷம் கழித்துப் போட்டால்?

அதைவிட, மாவு வாங்கியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு மாசமும் வாடகை வாங்க அந்த வாசலுக்குத்தான் போகவேண்டும்.

"தங்கச்சி கையெழுத்தோட வாங்க" என்றேன்.

"அப்ப கை வச்சதத் திருப்புறீங்களா அக்கா? நீங்களா?"

பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சவரிமுத்து வேண்டுமென்றேதான் சத்தமாகக் கேட்டார்.

"திருப்பல. கை வச்ச விலை அப்படியே நிக்குது. பெட்டிக்கு ரெண்டு பேர் சொந்தம்னு நீங்க சொல்லல, அதுதான் பாக்கி."

பாலக்காட்டுக்காரர் மறுபடி போன். இந்தத் தடவை கொஞ்சம் கடுமையாகவே பேசினார். ரகம் சரியில்லை, தோல் மெலிசு.

ஜூலை 4, வெள்ளி

தெய்வநாயகம் சாரை நேரில் பார்த்தேன். கோபப்படவில்லை. கோபப்பட்டால் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவரலாம்.

"என் தங்கையைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம்மா. அம்மா காலத்துக்கப்புறம் வரி கட்டினது நான், வெள்ளையடிச்சது நான். நீங்க வாங்கலன்னா வேற ஆள் வாங்குவாங்க. எனக்கு அவசரமில்லை."

கடைசி வார்த்தையை நிதானமாகச் சொன்னார், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இந்த மாசம் யாரும் பத்திரம் போட மாட்டார்கள். வாங்க ஆளில்லையென்றால் விலை இறங்கும், சரக்கு வைத்திருக்கிறவர் இறங்கி வருவார். இதைத்தான் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். போன் வரும் என்று காத்திருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

வரவில்லை.

அவர் வீட்டு வழியாகப் போனேன். நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தக்காளி கொண்டுவந்த விவசாயி வெயில் ஏறின பிறகு இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு மணிக்கும் பெட்டி அவரைக் குத்திக்கொண்டே இருக்கும். இவரை ஒன்றும் குத்தவில்லை. வீடு நேற்று இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். என்னுடைய வித்தை முழுக்க, எதிராளியின் சரக்கு அழுகும் என்பதை வைத்துத்தான். இந்தச் சரக்கிடம் அது செல்லவில்லை.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "அவருக்கு அவசரமில்ல, சரி. உனக்கு எது அவசரம் ராமாத்தா?" என்றார்.

தூக்கம் வருகிறது என்று எழுந்துவந்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

வீட்டுக்காரர் சமையலறையில் தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரசத்துக்கு எதுவாக இருந்தால் என்ன.

ஜூலை 29, செவ்வாய்

வெங்காயக்காரர் ஒரு சேதி சொன்னார். அவருடைய மச்சானை சவரிமுத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப்போய் ஒரு லைன் வீட்டைக் காட்டினாராம். நாலு வீடு, ஒன்று மட்டும் பூட்டியிருந்ததாம். ஆவணி பிறந்ததும் முடிக்கலாம் என்று பேச்சாம்.

கை வைத்த பெட்டியை அடுத்தவருக்குக் காட்டுகிறார்கள். அதோடு ஒன்று உறைத்தது. எப்போதும் காலையில்தான் காட்டுகிறார்கள். அந்த அம்மா மாவு போடப் போகிற நேரம்.

அழுகாத சரக்கு ஹெட்மாஸ்டரைக் குத்தாது. ஆனால் கவிழ்த்துக் காட்டலாம்.

ஜூலை 30, புதன்

மத்தியானம் லோகாம்பாள் வீட்டுக்குப் போனேன். "அக்கா, காலைல நீங்க எதுக்கு அலையறீங்க? எங்க வீட்டுக்காரர் சும்மாதான் இருக்காரு. கடைக்கு மாவு அவரு போட்டுட்டு வரட்டும். நீங்க கதவைத் தொறந்து வச்சு வாசல்லயே யாவாரம் பாருங்க."

என்னைப் பார்த்தார். கிரைண்டரை நிறுத்தினார்.

"வீடு பாக்க வர்றவங்க காலைலதான் வருவாங்க, இல்லையா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் மாவப் பத்திப் பேசறேன்."

"நான் யார்கிட்டயும் எங்கண்ணனக் கொறவா பேச மாட்டேன்."

"பேச வேண்டாம். யாருன்னு கேட்டா யாருன்னு சொல்லுங்க."

அவர் சிரிப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒரு பல் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "லாரில கேரளா வரைக்கும் போய்ட்டு வந்தவன், கடைசில இட்லி மாவா?" என்றார். ஆனால் டிவிஎஸ்ஸுக்குப் பின்னால் கட்ட அவரே ஒரு பெட்டி தேடி எடுத்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெங்காயக்காரரின் மச்சான் வீட்டை இன்னொரு தடவை பார்க்கப் போயிருக்கிறார். நாலாவது கதவு திறந்திருந்தது. மாவு வாங்கிக்கொண்டு வந்தார். வீடு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பழனியிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம். மாவு மட்டும்.

வீட்டுக்காரர் மாவு போட்டுவிட்டு நேராக மார்க்கெட்டுக்கு வந்து என் பக்கத்தில் நிற்கிறார். இவருக்கு ஏலத்தில் என்ன வேலை என்று கேட்டால், "மாவு யாவாரி, சரக்கு பாக்கக்கூடாதா?" என்கிறார். கையைக் காட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தினமும் பாட்டு. பத்திரம் முடியட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மூன்றாவது ஆள். லோகாம்பாள் சொன்னார், அந்த ஆள் இட்லி நன்றாக வந்தது என்று மறுபடி மாவுக்கு வந்தாராம். வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். சவரிமுத்து அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்த மறுநாள். தெய்வநாயகம் சார் கூப்பிட்டனுப்பினார். போனேன். பேப்பர் மடித்தபடி பக்கத்தில் கிடந்தது.

"நீங்கதான் சொல்லி வச்சீங்களா?"

"நான் மாவுதானுங்க சார் வாங்கினேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "லோகா நேத்து இங்க வந்தா. இந்த வீட்டுக்குள்ள வந்து ஆறு வருஷம் ஆச்சு. சண்டைக்கு வந்தான்னு நெனச்சேன். மாவு குடுத்துட்டு, கையெழுத்து எங்க போடணும்னு கேட்டுட்டுப் போறா."

ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்கிறவர்தான் தோற்பார் என்பது வழக்கம். ஆனால் இன்றைக்கு வியாபாரத்துக்காக வாயை மூடவில்லை. அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"சரி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறோம். பாதிப் பாதி. ஆனா இப்ப சுத்தமான சொத்து. விலை ஏத்தித்தான் தரணும்."

"அது முடியாதுங்க சார். பத்திரத்து மேல கை வச்சுச் சொன்ன விலை. நீங்க தலையாட்டினீங்க. தங்கச்சிய மறைச்சுட்டு இன்னொருத்தருக்குக் காட்டினப்பகூட நான் திருப்பல."

மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்து, "உங்க மார்க்கெட்டு சட்டம் கடுமையா இருக்கும்மா" என்றார்.

"எங்களுக்கு வேற சட்டம் தெரியாதுங்க."

காபி வந்தது. துணி சுற்றி வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பத்திரப் பதிவு. முகூர்த்த நாள், ஆபீஸில் நிற்க இடமில்லை. பணம் அண்ணனுக்கும் தங்கைக்கும் தனித்தனியாக பேங்கிலேயே போய்விட்டது. வக்கீலம்மா எல்லாவற்றையும் ஒருதடவை அடியிலிருந்து மேலாகப் பார்த்தார். அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கூட்டம் ஏற ஏற அந்த இடமும் இல்லாமல் போனது.

அவர்கள் ரெண்டு பேரும் ரேகை வைத்தார்கள். அடுத்து நான். சின்னக் கண்ணாடி மெஷின், அதன் மேல் கட்டை விரலை வைக்கவேண்டும். வைத்தேன்.

"அமுக்குங்கம்மா."

"அமுக்கறேன்."

"பதியலம்மா. நல்லா அமுக்குங்க."

"அமுக்கிட்டுத்தாங்க இருக்கறேன்."

"விரலே வைக்கலையேம்மா."

குனிந்து பார்த்தேன். விரல் கண்ணாடிக்கு வெளியே, மெஷின் ஓரத்தில் இருந்தது. நான் கண்ணாடி மேல் இருக்கிறது என்று நினைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன். எடுத்து மறுபடி வைத்தேன். இந்தத் தடவை சாய்ந்துவிட்டது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சவரிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார், ஹெட்மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டே பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்காரர் பின்னாலிருந்து வந்தார். அரிசியில் முதல் எழுத்து எழுதவைக்கிற மாதிரி என் கட்டை விரலைப் பிடித்து, கண்ணாடியின் நடுவில் வைத்து, மேலே தன் விரலை வைத்து அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது.

"அன்னைக்கு டம்ளர மடில வச்சப்பவே நெனச்சேன்" என்றார் லோகாம்பாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "என்னையக் காலி பண்ணச் சொல்லுவியா?"

"வாடகை குடுத்தா எதுக்குச் சொல்றேன்?"

"குடுப்பேன். அப்பத்தான் ஒழுகுதுன்னா உன்னையக் கேக்க முடியும்."

எழுதிவிடுகிறேன். மாசியிலிருந்தே இந்த விரலில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் மரத்த மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. பெட்டிகள் ஒழுகினது வெக்கையால் இல்லை. நான் அமுக்கின மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்து எடுத்து, அவர்களும் நஷ்டப்பட்டிருப்பார்கள். ஹெட்மாஸ்டருக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

திண்டுக்கல் டாக்டர். சர்க்கரை. ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறதாம். மாத்திரை, ஊசி, செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. விரலில் உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். விவசாயிகள் விலை கேட்டால் நானும் அப்படித்தான் சொல்வேன். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஏலத்துக்கு ரெண்டு பேரும் போனோம். வழியெல்லாம் பேசி ஒரு ஏற்பாடு. பழத்தை அவர் அமுக்குவார். இன்னொரு கையால் என் முழங்கைக்கு மேலே பிடித்திருப்பார், அங்கே எனக்கு நன்றாகத் தெரிகிறது. பழம் எத்தனை நாள் தாங்குமோ அத்தனை தடவை அந்த இடத்தில் அமுக்குவார். விலை நான் சொல்வேன்.

வெங்காயக்காரர் பார்த்துவிட்டார். "என்னக்கா, இந்த வயசுல மாமா கையப் புடிச்சுட்டே நிக்கறாரு?"

"வீட்டுக்காரியாயிட்டேன்ல. ஓடிப்போயிருவேன்னு பயம்."

முதல் லாட்டுக்கு ரெண்டு அமுக்கு. காம்பின் பச்சையைப் பார்த்தால் எனக்கு மூன்று என்று தோன்றியது. அவர் திரும்பவும் ஒரு பழம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ரெண்டுதான் அமுக்கினார். மாற்றவில்லை. கையை வைத்து, ரெண்டு நாள் சரக்குக்கு உண்டான விலையைச் சொன்னேன். விவசாயி தலையாட்டினார்.

வண்டி ஏற்றியாகிவிட்டது.

செப்டம்பர் 3, புதன்

லோகாம்பாளும் மற்ற மூன்று பேரும் வாடகை கொடுத்துவிட்டார்கள். கூரை விரிசலுக்குக் கொத்தனாரைச் சொல்லவேண்டும்.

பாலக்காட்டிலிருந்து போன் வரவில்லை.